நுகர்வோருக்கு எழுதுவதும் டிடிபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை மாணவர்களுக்குத் திறன் மேம்பாட்டுத் தாளாக நான் நடத்தும் பாடம் இது. டிடிபி என்பது டெஸ்க்டாப் பப்ளிஷிங், அதாவது கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயார் செய்வது. சேர்க்கை நேரத்தில் பெற்றோரும், வகுப்பு தொடங்கியதும் மாணவர்களும், பிராஜெக்ட் சமயத்தில் அக்கம்பக்கத்து டிடிபி சென்டர்காரர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்ட விவரங்கள் எல்லாம் இந்தியாவுக்கானவை.

இந்தப் பேப்பர்ல என்னதான் சார் சொல்லித் தருவீங்க?

ஒரு பொருளையோ சேவையையோ வாங்குகிறவர் கையில் வந்து சேரும் எழுத்து அத்தனையும் இந்தப் பாடம்தான். மசாலா பாக்கெட்டின் லேபிள், மிக்சிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்பு, வாரன்டி அட்டை, பில் புத்தகம், கடைத் திறப்பு பிட் நோட்டீஸ், வங்கிக் கவுன்டரில் ஒட்டும் அறிவிப்பு. இவற்றை எழுதவும், எழுதியதைப் பக்கமாக்கி அச்சகத்துக்கு அனுப்பவும் கற்றுக்கொள்கிறீர்கள்.

இரண்டையும் ஏன் ஒரே தாளில் வைத்திருக்கிறோம் என்றால், எழுதுகிறவர் ஒருவர், லே-அவுட் போடுகிறவர் இன்னொருவர் என்று பிரியும் இடத்தில்தான் கெடுகிறது. எழுதியவர் மூன்று பத்தி கொடுப்பார். இடம் பத்தாமல் லே-அவுட்காரர் எழுத்தைச் சுருக்குவார். வாங்குகிறவர் தேடுகிற அந்த ஒற்றை வரி பொடி எழுத்துக்குள் போய்விடும். இடம் பத்தவில்லை என்றால் குறைக்க வேண்டியது வார்த்தையை. எழுத்தின் அளவை அல்ல. எந்த வார்த்தையை எடுக்கலாம் என்று தெரிய எழுத்தும் தெரிய வேண்டும், பக்கமும் தெரிய வேண்டும்.

ஐ.டி.ஐ-ல இருக்கிற டிடிபி கோர்ஸும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. அங்கே 'டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர்' என்று ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. நாள் முழுக்கக் கணினியில் உட்கார வைப்பார்கள். நாங்கள் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே நடத்துகிறோம். அச்சகத்தில் ஆபரேட்டராக உட்காருவதுதான் உங்கள் எண்ணம் என்றால் அந்தப் படிப்பே மேல். இங்கே கூடுதலாகக் கிடைப்பது எழுத்துப் பயிற்சியும், லேபிள், விளம்பரம் பற்றிய சட்ட அறிவும்.

குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா?

செல்லாது. அதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசு தட்டச்சுத் தேர்வு தேவை. அலுவலகத் தன்னியக்கக் கணினிச் சான்றிதழும் தனி. தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யும் பழக்கம் இங்கே வரும், அவ்வளவுதான்.

எனக்கு டிராயிங் சுத்தமா வராது. சேரலாமா?

சேரலாம். வரையச் சொல்லவே மாட்டோம். ஸ்கேலும் பென்சிலும் போதும். முதல் மாதம் முழுக்கத் தாளில் கட்டம் போட்டுத்தான் பக்கம் அமைக்கிறோம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கும் இதே காரணம்.

எந்த சாஃப்ட்வேர் கத்துத் தருவீங்க? பேஜ்மேக்கர் தெரிஞ்சா போதும்னு எங்க அண்ணன் சொல்றான்.

உங்கள் அண்ணன் படித்த காலத்தில் அது சரி. டிடிபி என்ற தொழிலே பேஜ்மேக்கரோடு பிறந்ததுதான். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டரும், பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் சேர்ந்ததால்தான் ஒரு மேசை மேலேயே பக்கம் தயாரிக்க முடிந்தது. 1994-இல் ஆல்டஸ் அடோபியிடம் போனது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடில் அடித்த தமிழ் அதில் சரியாக வராது. பழைய ஃபைல்கள் கிடப்பதால் சில அச்சகங்கள் இன்னும் அதை வைத்திருக்கின்றன.

நாங்கள் பல பக்க வேலைக்கு இன்டிசைனையும், லேபிள், நோட்டீஸ், அழைப்பிதழுக்கு கோரல்டிராவையும் எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர் அச்சகங்களில் கோரல்டிரா தெரியாமல் காலம் தள்ள முடியாது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது, இலவசம். பழைய பதிப்பில் தமிழ் உடையும் என்பதால் புதியதையே இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்டிசைன்ல ஒட்டினதும் தமிழ் எழுத்து பிரிஞ்சு பிரிஞ்சு வருதே, ஃபான்ட் தப்பா?

பெரும்பாலும் ஃபான்ட் தப்பில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். புள்ளி தனியாக மிதக்கும். பத்தி அமைப்பு மெனுவில் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பத்திக்குப் பத்தி மாற்றிக்கொண்டிருக்காமல் பாராகிராஃப் ஸ்டைலிலேயே ஒரு தடவை வைத்துவிடுங்கள்.

அச்சகத்துல பழைய ஃபான்ட்லதான் மேட்டர் கேட்கிறாங்க. அப்புறம் யூனிகோட் எதுக்கு?

பழைய ஃபான்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஏதோ ஆங்கிலக் குப்பை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு இடத்தில் வைத்ததால் வானவில்லில் அடித்தது ஸ்ரீலிபியில் திறக்காது. இலங்கையிலிருந்து பாமினி ஃபான்ட்டில் வரும் கட்டுரை, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் படிக்க வராது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. இன்று அதே மேட்டர் நோட்டீஸிலும் போக வேண்டும், வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும், இணையதளத்திலும் போக வேண்டும். யூனிகோடில் ஒரு தடவை அடித்தால் மூன்றுக்கும் ஆகும்.

அச்சகம் பழைய ஃபான்ட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கன்வர்ட்டரில் போட்டு மாற்றிக் கொடுங்கள். மாற்றிய பிறகு மறுபடியும் புரூஃப் படியுங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொல், ரூபாய்க் குறி, 'ஸ்ரீ' இந்த மூன்றும்தான் முதலில் கெடும். எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்த்துப் பிடிப்பது கஷ்டம், தேடினால் சிக்கும். மேட்டர் கைக்கு வந்ததும் இந்த இரண்டையும் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இணையத்துல கிடைக்கிற தமிழ் ஃபான்ட் எல்லாம் இலவசம்தானே?

கிடைப்பது எல்லாம் இலவசம் இல்லை. யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை ஏற்றி வைத்திருப்பார். அதைப் போட்டு வணிக வேலை செய்தால் சிக்கல் உங்களுக்கு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, பவனம் ஆகியவை திறந்த உரிமத்தில் வருபவை. தைரியமாகப் பயன்படுத்தலாம்.

வரி இடைவெளியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் 'கீ', 'கூ', 'ளூ' என்று மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நிறைய. ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் விசிறியும் இடித்துக்கொள்ளும். 10 புள்ளி (பாயின்ட், எழுத்தளவைச் சொல்லும் அலகு) எழுத்துக்கு 14 புள்ளி வரி என்று தொடங்கி, அச்செடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பகுதிக்கு மார்க் எப்படிப் போடுவீங்க? நல்ல தமிழ்ல எழுதினா போதாதா?

'நல்ல தமிழ்' என்று பலர் நினைப்பது அலுவலகத் தமிழை. வகுப்பில் கொடுக்கும் மிக்சி வாரன்டி வரி ஒன்றைப் பாருங்கள்: 'உத்தரவாதக் காலத்தினுள் தயாரிப்புக் குறைபாட்டினால் பழுது ஏற்படும் பட்சத்தில், கொள்முதல் ரசீது சமர்ப்பிக்கப்படுமேயானால் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும், எனினும் கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்கள் மற்றும் தவறான கையாளுதலினால் ஏற்படும் சேதங்கள் இதில் அடங்கா.'

இதைத் திருத்தி ஒருவர் எழுதியது: 'வாங்கி 2 ஆண்டுக்குள் மோட்டார் பழுதானால் இலவசமாகச் சரிசெய்வோம். பில்லைக் கொண்டு வாருங்கள். ஜாடி, மூடி உடைந்தால் சேராது.' படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் '2 ஆண்டு' எங்கிருந்து வந்தது? மூலத்தில் இல்லை. 'மோட்டார்' மட்டும் என்றும் மூலம் சொல்லவில்லை. எளிமைப்படுத்துகிறேன் என்று வாக்குறுதியையே மாற்றியாகிவிட்டது. முழு மார்க் வாங்கும் விடை இப்படி இருக்கும்: 'வாரன்டி காலத்துக்குள், தயாரிப்பில் உள்ள குறையால் மிக்சி பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தருவோம். பில் அவசியம். கண்ணாடி, பிளாஸ்டிக் பாகங்களும், தவறாகப் பயன்படுத்தியதால் வரும் சேதமும் இதில் சேரா.' ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: 'எத்தனை மாதம்? நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.' அந்தப் பென்சில் குறிப்புக்கும் மார்க் உண்டு.

எங்க அம்மாவோட குழு பருப்புப் பொடி போடுறாங்க. லேபிள்ல என்னென்ன கட்டாயம் இருக்கணும்?

பிராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது. இரண்டு சட்டங்கள் இதில் சேர்ந்து வரும். ஒன்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., அலகு விலை, புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் விவரம் ஆகியவற்றை இது கேட்கிறது. அலகு விலை என்றால், 200 கிராம் 80 ரூபாய் என்றால் ஒரு கிராம் 40 பைசா என்று போடுவது. இன்னொன்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிகள். 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு என்ற வரிசையில் சேர்மானங்கள், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறி எல்லாம் இதில் வரும். ஊட்டச்சத்துப் பட்டியல் எந்தப் பொருளுக்கு வேண்டும், எதற்கு விலக்கு என்பதை அந்த விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒவ்வாமைக் குறிப்பு. பொடியில் நிலக்கடலை சேர்த்தால் சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது. பெருங்காயம் யாருக்கும் தோன்றுவதில்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில், சிலருக்கு ஒத்துக்கொள்ளாத குளூட்டன் என்ற புரதம் உண்டு. அம்மா வாங்கும் பெருங்காய டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

லே-அவுட்டில் ஒரு விஷயம். தேதி, பேட்ச், விலை மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறும். அவற்றுக்கு வெள்ளையாக ஒரு கட்டம் விட வேண்டும். அடர்சிவப்புப் பின்னணியில் கறுப்பு மையில் முத்திரை குத்தி, யாருக்கும் தெரியாத தேதியோடு எத்தனை பாக்கெட் கடையில் தொங்குகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அப்புறம், '200 ஜிஎம்எஸ்' என்று ஆங்கிலத்தில் இழுக்காதீர்கள். கிராமுக்குச் சின்ன 'ஜி' ஒன்றுதான் குறியீடு. எடைக்குப் பக்கத்தில் 'ஏறக்குறைய', 'குறைந்தபட்சம்' போன்ற சொற்களும் கூடாது.

தமிழ்நாட்டுல விக்கிற பொருள்தானே, லேபிளைத் தமிழ்ல மட்டும் போட்டா என்ன?

மனசுக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் முடியாது. மேலே சொன்ன இரண்டு விதிகளும் கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ கேட்கின்றன. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. இரண்டு மொழியிலும் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே.

எங்கள் வகுப்பில் தமிழ் கட்டாயம். பெயர், எடை, விலை, தேதி, ஒவ்வாமை இவ்வளவுமாவது தமிழிலும் வர வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

விதியில மில்லிமீட்டர்ல எழுத்து உயரம் சொல்றாங்க, கம்ப்யூட்டர்ல புள்ளிக் கணக்கு இருக்கு. எப்படி மாத்துறது?

ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி. ஆக 10 புள்ளி என்பது சுமார் 3.5 மில்லிமீட்டர். இதை வைத்து 'எழுத்து 3.5 மி.மீ. உயரம்' என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். எழுத்துக்கு மேலும் கீழும் விடும் இடமும் சேர்ந்ததுதான் புள்ளி அளவு. 10 புள்ளியில் எண்ணின் உயரம் பல ஃபான்ட்களில் இரண்டரை மி.மீ. கூட வராது. விதியின் அட்டவணை பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் உயரத்தை. நூறு சதவீத அளவில் அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

பில் புக்குல 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'னு போடச் சொல்றாங்க. எல்லாக் கடையிலயும் இருக்கே?

எல்லாக் கடையிலும் இருப்பதால் சரியாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலமே போடவில்லை என்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

கடைக்காரரிடம் சட்டம் பேசி வாடிக்கையாளரை இழக்க வேண்டாம். அவர் பயப்படுவது கட்டிப் பார்த்த புடவை திரும்பி வருவதற்குத்தான். மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: 'குறை இருந்தால் பில்லுடன் 30 நாளுக்குள் கொண்டு வாருங்கள். பயன்படுத்திய துணிகளை வேறு காரணத்துக்காக மாற்ற இயலாது.' பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

'சர்க்கரை நோய் வேரோடு போகும்'னு நோட்டீஸ் மேட்டர் வந்தா? நாம டைப் பண்றவங்கதானே?

இந்த இடத்தில் 'நாம வெறும் டைப்தான்' என்பது காப்பாற்றாது. 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் பட்டியலிட்ட நோய்களுக்குத் தீர்வு தருவதாக மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விளம்பரத்தில் 'பங்கெடுப்பது' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் அச்சிடுவதும் சேர்ந்தே வருகிறது. மேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைத்திய சாலையின் பெயர், முகவரி, பார்க்கும் நேரம் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம்.

'50% தள்ளுபடி'க்கு மேல ஸ்டார் போட்டு, கீழ ஆங்கிலத்துல சின்னதா நிபந்தனை போடலாமா?

கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022-இல் வந்த வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கூற்று எந்த மொழியிலோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதேதான். பெரிதாகச் சொன்னதைச் சின்ன எழுத்தில் மறுக்கவும் முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். முதல் கேள்விக்குச் சொன்னதுதான் இங்கும்: இடம் பத்தவில்லையா, வார்த்தையைக் குறையுங்கள். 'தேர்ந்தெடுத்த சட்டைகளுக்கு 50% வரை தள்ளுபடி' என்று எழுதினால் ஸ்டாருக்கே வேலையில்லை.

ஏஐ ரெண்டு நிமிஷத்துல எழுதிக் கொடுக்குதே, இதை ஏன் படிக்கணும்?

பயன்படுத்துங்கள், தடையில்லை. ஆனால் வாரன்டி வரியில் '2 ஆண்டு' எங்கிருந்தோ முளைத்ததே, அதே வேலையை ஏஐ-யும் செய்கிறது. கேட்டால் கேட்காத சேர்மானத்தையும் எழுதிக் கொடுக்கும். அம்மாவின் பெருங்காய டப்பாவை அது திருப்பிப் பார்க்காது. அதனால் பிராஜெக்ட்டில் ஒவ்வொரு விவரமும் யாரிடம் கேட்டது, எதைப் பார்த்து எழுதியது என்று தனித்தாளில் கேட்கிறோம்.

பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்புறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

வெட்டு விளிம்புக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்கப் பின்னணியை நீட்டி விடுவது. படங்கள் அச்சளவில் 300 டிபிஐ. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ வேண்டவே வேண்டாம். நிறம் சி.எம்.ஒய்.கே., அதாவது அச்சில் போகும் நாலு மைகளின் கணக்கு. பொடி எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நாலு மையிலும் போனால், மைகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழாமல் துளி விலகினாலும் எழுத்து நிழலடிக்கும். நடுவில் பின் அடிக்கும் கையேடு என்றால் பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்க வேண்டும். ஃபான்ட் உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால், மேலே பேசிய பழைய ஃபான்ட் சண்டையே பாதி வராது.

எல்லாம் அச்சான பிறகு விலை தப்புன்னு தெரிஞ்சா? மேல ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?

பில் புத்தகம், நோட்டீஸ் என்றால் ஒட்டலாம், அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பொட்டலத்தில் அப்படி முடியாது. கட்டாய விவரங்களைத் திருத்தத் தனி ஸ்டிக்கர் ஒட்ட பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிப்பதில்லை. எம்.ஆர்.பி.யைக் குறைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். 80 என்று அடிக்க வேண்டியதை 90 என்று அடித்திருந்தால் தப்பிக்கலாம். 70 என்று அடித்திருந்தால் 70-க்குத்தான் விற்க வேண்டும்.

அந்தப் பத்து ரூபாய் யார் தலையில் என்பது புரூஃபைப் பொறுத்தது. கடைசி புரூஃபைத் தாளில் எடுத்து, விலை, எடை, தேதி, போன் எண் நான்கையும் வாடிக்கையாளரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் 'ஓகே போடுங்க தம்பி' என்று சொன்னதை வைத்துக்கொண்டு பிளேட் போட வேண்டாம்.